கோடுக்குள் மாமியார்

மாமியாரின் போனைச் சார்ஜில் போடலாம் என்று நல்லெண்ணத்தோடு கையில் எடுத்த நம்மாள், திரையில் இருந்ததைப் படித்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

'வணக்கம். நாளை காலை உங்கள் கடைவாய்ப் பல் பிடுங்கப்படும். தவறாமல் வரவும்.'

அத்தைக்குக் கடைவாயில் பல்லே கிடையாது. மேலே கீழே எல்லாம் கட்டின செட்டு. அப்புறம் எதைப் பிடுங்க வரச் சொல்கிறார்கள்?

விரலால் மேலே தள்ளினான். 'உங்கள் குழந்தையின் பல் கம்பியை இறுக்க வேண்டும்.' அத்தையின் குழந்தை உள்ளே ஆபீசுக்குப் புடவை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தது. இன்னும் தள்ளினான். வேர் சிகிச்சை, பல் சுத்தம், ஈறு வீக்கம், பூச்சி அரித்த பல். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றின் அடியிலும் யாரோ ஒருவருடைய பெயர், நம்பர். அதற்கு மேலே அதே இரண்டு சொற்கள்: தவறாமல் வரவும்.

வேறு எவனாவது விளையாட்டுக்கு அனுப்பியதாக இருந்தால் நம்மாள் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். ஆனால் அந்த 'தவறாமல் வரவும்' அவனே கைப்பட எழுதியது.

விஷயம் இதுதான். நம்மாள் வேலை பார்க்கும் கம்பெனி, பல கிளைகள் உள்ள ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு சாப்ட்வேர் எழுதிக் கொடுத்திருக்கிறது. பல் ஆஸ்பத்திரிக்கு நாள் குறித்துக்கொள்கிறவர்கள் எல்லாரும் வந்துவிடுகிறார்களா என்ன? வலிக்கும்போது நாள் குறிப்பார்கள், வலி நின்றதும் ஆளே தலைமறைவு. அவர்களுக்கு முதல் நாளே செய்தி அனுப்பி நினைவூட்டுவதுதான் சாப்ட்வேரின் வேலை. மொத்தக் கோடும், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகள் அத்தனையும், நம்மாள் எழுதியது.

எழுதும்போது சோதித்துப் பார்க்க வேண்டுமே. அதற்காக நிஜ நோயாளிகளைத் தொந்தரவு பண்ண முடியாது. ஆகவே யாருக்குப் போகவேண்டிய செய்தியானாலும் ஒரே ஒரு நம்பருக்கு வரும்படி கோடுக்குள் ஒரு வரி எழுதிவிட்டான். சரிபார்க்க வசதியாக, உண்மையில் அது யாருக்குப் போகவேண்டியது என்று பெயரும் நம்பரும் அடியில் வரும். அன்றைக்கு அவன் போன் ரிப்பேர் கடையில் இருந்தது. மேஜைமேல் கிடந்தது அத்தையின் போன். இரண்டு நிமிஷ வேலைதானே என்று, 'ஆபீஸ் மெசேஜ் வரும், கொஞ்சம் பாத்துக்குங்க அத்தை' என்று சொல்லிவிட்டு அந்த நம்பரைப் போட்டான்.

இதைப் பற்றி மேனேஜர் வாய் வலிக்கச் சொல்லியிருந்தார்.

"இதோ பாருப்பா. இடத்துக்கு இடம் மாறுறது எதுவும் கோடுக்குள்ள இருக்கக் கூடாது. நம்பர், அட்ரஸ், பாஸ்வேர்டு, எல்லாம் வெளியில தனியா ஒரு செட்டிங்ஸ் ஃபைல்ல வை. டெஸ்ட்டுக்கு ஒரு ஃபைல், லைவுக்கு ஒரு ஃபைல். கோடு ரெண்டுக்கும் ஒண்ணுதான். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

"பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் சார்."

புரிந்தது என்னவோ நிஜம். மற்றதை நாளைக்குப் பண்ணிக்கொள்ளலாம் என்று விட்டதுதான் வினை. ஆஸ்பத்திரியில் ஒரு மாதச் சோதனை ஓட்டம் என்று சாப்ட்வேரை லைவில், அதாவது நிஜமான உபயோகத்தில், ஏற்றியபோது, கோடு போன கையோடு அத்தையும் லைவில் ஏறிவிட்டார். அதாவது இத்தனை நாளில் ஒரே ஒரு நோயாளிக்குக்கூட ஒரு செய்தி போகவில்லை. ஊர்ப் பல் முழுக்க இந்த போனுக்குள் இருக்கிறது!

இந்த வாரக் கடைசியில் ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இந்தப் பிரிவையே மூடிவிடுவோம் என்று மேலிடம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மூடினால் வாசல் வழியாக முதலில் வெளியேறப் போவது யார் என்று ஜோசியம் பார்க்கத் தேவையில்லை. ஏற்கெனவே இரண்டு இடத்தில் வேலை போன ஆள். "இந்த வேலையாவது நிலைக்கட்டும்" என்று மனைவி வாரத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"என்ன மாப்பிள்ளை, என் போனைக் கையில வச்சுக்கிட்டு இப்படி வெளுத்துப் போய் உக்காந்திருக்கீங்க?"

அத்தை ஈரத் தலையைத் துவட்டியபடி வந்து நின்றார்.

"அத்தை... இந்த மெசேஜ் எல்லாம்..."

"ஆமா மாப்பிள்ளை, தினமும் கொட்டுது. அதை நான் பாத்துக்கறேன். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க."

"இல்ல அத்தை, நீங்க எதையும் பாக்க வேண்டாம். இன்னையோட நிறுத்திடறேன். இனிமே வராது."

அத்தையின் முகம் சுண்டிப்போயிற்று.

"வராதா? ஏன், நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா?"

"சேச்சே, தப்பு எல்லாம் என்னுதுதான். நீங்க இதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க, புண்ணியமாப் போகும்."

சாப்பிடாமல் கூட ஆபீசுக்கு ஓடினான்.

*

லைவ் சர்வரைக் காவல் காக்கிறவருக்கு ஆபீசில் 'பூட்டு' என்று பெயர். அவரைக் கேட்காமல் ஒரு காற்புள்ளிகூட உள்ளே போக முடியாது. எப்போது பார்த்தாலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, சந்தேகத்தோடு உட்கார்ந்திருப்பார்.

நம்மாள் அவசர அவசரமாக அத்தை இருந்த வரியைக் கோடிலிருந்து பிடுங்கினான். நம்பரோ அட்ரஸோ எதுவானாலும் வெளியே உள்ள செட்டிங்ஸ் ஃபைலைப் பார்த்துத் தெரிந்துகொள் என்று மாற்றி எழுதினான். செய்யவேண்டியதை ஒருவழியாகச் செய்துவிட்டான் என்று நாமும் பாராட்டலாம். கொஞ்சம் பொறுங்கள்.

"என்ன மாத்தியிருக்க?" என்றார் பூட்டு.

"சின்ன எழுத்துப் பிழை சார்."

"எழுத்துப் பிழைக்கா இப்படி வேர்க்குது?"

"ஏசி சரியில்ல சார்."

பூட்டு ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அனுமதி கொடுத்துவிட்டார்.

நம்மாள் நிம்மதியாக ஒரு டீயைக் கையில் எடுத்தான். பாதிகூடக் குடிக்கவில்லை, மீட்டிங் அறையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. மேனேஜர் மேலிடத்து ஆட்களுக்குக் கணக்குக் காட்டிக்கொண்டிருந்த அறை அது. தன் போனைப் பெரிய திரையில் இணைத்து, படம் படமாக விளக்கிக்கொண்டிருந்தார்.

நம்மாள் டீயை வைத்துவிட்டுக் கண்ணாடி வழியாகத் திரையைப் பார்த்தான்.

'வணக்கம். உங்கள் வாய் துர்நாற்றத்துக்கான இரண்டாம் கட்ட சிகிச்சை நாளை. தவறாமல் வரவும்.'

மேனேஜருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்கள். அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. 'உங்கள் மூன்று பற்களில் பூச்சி.' அடுத்தது. 'உங்கள் பொய்ப் பல் தயார்.' மேனேஜர் போனைத் தட்டினார், உதறினார், கவிழ்த்து வைத்தார். எதற்கும் அடங்காமல் திரையில் பல் பல்லாக வந்து விழுந்துகொண்டே இருந்தது.

நம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. செட்டிங்ஸ் ஃபைலைப் பார் என்று கோடுக்குச் சொன்னானே தவிர, லைவ் சர்வரில் அந்த ஃபைலையே வைக்கவில்லை. ஃபைல் இல்லாவிட்டால் எல்லாச் செய்தியையும் பொறுப்பாளருக்கே அனுப்பு என்று புத்திசாலித்தனமாக வேறு ஒரு வரி எழுதி வைத்திருந்தான். பொறுப்பாளர் மேனேஜர்.

மீட்டிங் முடிந்ததும் மேனேஜர் நேராக அவன் மேஜைக்கு வந்தார். முகம் தக்காளி.

"யோவ், நம்ம சாப்ட்வேர்ல இருந்து எனக்கு எதுக்குய்யா மெசேஜ் வருது?"

நம்மாள் எழுந்து நின்றான்.

"அது வந்து சார்... உங்களை ஒரு நோயாளியா பதிவு பண்ணிப் பாத்தேன். வேகம் எப்படி இருக்குன்னு..."

"அதுக்கு வாய் நாத்தமாய்யா கெடைச்சுது? ஒரு கௌரவமான நோயே இல்லியா?"

"தானா வந்துச்சு சார்."

"இன்னும் பத்து நிமிஷத்துல தானா நிக்கணும்."

பத்து நிமிஷத்தில் மனிதன் என்னதான் செய்வான்? தன் கம்ப்யூட்டரில் இருந்த டெஸ்ட் செட்டிங்ஸ் ஃபைலை எடுத்தான். செய்தி போகவேண்டிய இடத்தில் 'அந்தந்த நோயாளிக்கே' என்று திருத்தினான். பூட்டு சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து, அவருடைய உதவியாளரிடம் பல்லைக் காட்டி, ஃபைலை அப்படியே லைவில் வைத்தான். மேனேஜரின் போன் அமைதியானது. மறுநாள் வரவேண்டிய நோயாளிகளுக்கான செய்திகளைக் கையோடு இன்னொரு தடவை அனுப்பிவைத்தான். இந்த முறை நிஜமாகவே அவர்களுடைய போன்களுக்கே போயின. தானே சரிபார்த்தான். ஒவ்வொன்றும் சரியான நம்பர்.

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது பாட்டுகூட முணுமுணுத்தான், பாவம்.

*

மறுநாள் காலை ஆபீசில் வந்து உட்கார்ந்ததும் மனைவி போன் பண்ணினாள். அன்றைக்கு அவளுக்கு லீவு.

"என்னங்க, உடனே வீட்டுக்கு வாங்க."

"ஏன், அத்தைக்கு ஏதாவது..."

"அம்மா நல்லாத்தான் இருக்காங்க. ஹால் பூரா ஆளுங்க. கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. கேட்டா, டாக்டர் எப்ப வருவார்னு என்னையே கேக்கறாங்க."

"எந்த டாக்டர்?"

"அதைத்தாங்க நானும் கேக்கறேன்! ஒருத்தர் உங்க சாய்வு நாற்காலியில படுத்து வாயைப் பொளந்து வச்சிருக்கார். மூடச் சொன்னா மூட மாட்டேங்கறார்."

நம்மாள் தன் கம்ப்யூட்டரில் இருந்த ஃபைலைத் திறந்தான். செய்தி யாருக்குப் போகவேண்டும் என்ற வரி, சரி. அதற்கு அடுத்த வரி, ஆஸ்பத்திரிக் கிளையின் முகவரி. சோதனைக்காக அன்றைக்கு எதையோ ஒன்றைப் போட வேண்டுமே என்று போட்டிருந்தான். மனப்பாடமாகத் தெரிந்த முகவரி அவனுக்கு உலகத்தில் ஒன்றுதான் உண்டு. கதவு எண், மாடி, லிஃப்டுக்கு இடதுபுறம் என்பது வரை தெளிவாக எழுதியிருந்தான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது லிஃப்டில் ஏற வரிசை. வரிசையில் முன்னால் போகப் பார்த்தவனை ஒருவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"எல்லாருக்கும்தான் வலிக்குது. பின்னாடி போங்க."

"இது என் வீடு சார்!"

"அப்ப நீங்கதான் டாக்டரா?"

"இல்ல சார், நான் சாப்ட்வேர்."

"ஓ, மரத்துப் போறதுக்குப் போடுவாங்களே, அதுவா?"

படியேறி ஓடினான். ஹாலுக்குள் காலை வைத்தவன் அப்படியே மலைத்துப்போய் நின்றான். சோபா, சாப்பாட்டு நாற்காலி, முக்காலி, அலமாரிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளி, எல்லாவற்றின் மேலும் ஒரு வீங்கின கன்னம். நடுவில் அத்தை இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"பிடுங்கறவங்க எல்லாம் ஜன்னல் பக்கம். கம்பி எல்லாம் சோபாவுல. வேர் சிகிச்சை யாரு? அங்க என்ன கூட்டம், எழுந்திரு!"

மூலையில் இருந்த முறுக்கு மீசைக்காரர் ஒருவர் அந்தக் குரலைக் கேட்டதும் விலுக்கென்று எழுந்து நின்றார். அதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. அத்தை குரலுக்கு எழுந்து நிற்காதவர்கள் குறைவு. கல்யாணமான புதிதில் நம்மாளே நின்றிருக்கிறான்.

"அத்தை, என்ன இது!"

அத்தை அவனைச் சமையலறைப் பக்கமாக ஒதுக்கிக் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அதைத்தான் நான் கேக்கறேன் மாப்பிள்ளை. இவங்க எல்லாரும் ஆஸ்பத்திரிக்குத்தானே போகணும்? இங்க எதுக்கு வரச் சொன்னீங்க? நம்மகிட்ட இடுக்கி கூட இல்லியே?"

"நான் வரச் சொல்லல!"

"நீங்க பதறாதீங்க. மோர்... இவங்களுக்கே தீந்துபோச்சு, தண்ணி குடிங்க முதல்ல."

"அத்தை, தயவுசெஞ்சு நீங்க எதுவும் பேசாம இருங்க. அது போதும் எனக்கு."

சொன்னது கொஞ்சம் காட்டமாகவே வந்துவிட்டது. அத்தை தண்ணீர்ச் சொம்பை மேடைமேல் வைத்துவிட்டுத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மனைவி அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மட்டும் தனியாக ஒரு கதை எழுதலாம்.

இரண்டு வேன் பிடித்து, கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, கூட்டத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். நாற்காலியில் படுத்திருந்தவரை வாய் திறந்தபடியே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மேல் மாடிக்காரரும் சும்மா ஏறிக்கொண்டார். அவருக்கும் பல நாளாகப் பல்வலியாம்.

ஆபீசுக்குத் திரும்பி, பூட்டின் காலில் விழாத குறையாக உட்கார்ந்து, அந்தச் செட்டிங்ஸ் ஃபைலை வரி வரியாகச் சரிபார்த்தான். ஒவ்வொரு கிளைக்கும் அதனதன் முகவரி. ஒவ்வொரு செய்தியும் அவரவர் போனுக்கு. கோடுக்குள் எவருடைய நம்பரும் இல்லை, முகவரியும் இல்லை, மாமியாரும் இல்லை. டெஸ்ட் வேறு, லைவ் வேறு.

பூட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இப்பதான்யா இது சாப்ட்வேர் மாதிரி இருக்கு. இவ்ளோ சுத்தமா நான் பாத்ததே இல்ல. முன்னாடி எப்படி இருந்துச்சு?"

"இப்படியேதான் சார் இருந்துச்சு" என்றான் நம்மாள்.

*

மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆபத்து. அத்தையின் வாய்.

மேனேஜர் இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறார். மாலையில் மேனேஜரின் மனைவி நடக்கிற அதே பூங்காவில்தான் அத்தையும் நடக்கிறார். 'என் போனுக்கு ஊர்ப்பட்ட பல்லோட விவரமெல்லாம் வந்துச்சு' என்று ஒரு வார்த்தை போதும். நம்மாளின் கதை கந்தல். டாக்டர் கையெழுத்துப் போடும் வரையிலாவது அத்தை இந்தப் பக்கம் இருக்கக் கூடாது. ஆனால் போங்கள் என்று மாமியாரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் மனைவி சும்மா இருப்பாளா?

அத்தையே வழி செய்து கொடுத்தார். போனை எடுத்து எடுத்துப் பார்ப்பதும், தட்டிப் பார்ப்பதும், காதில் வைத்துக் குலுக்கிப் பார்ப்பதுமாக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தவர், சாப்பிடும்போது பெருமூச்சு விட்டார்.

"இனிமே எனக்கு இந்த வீட்டுல என்ன வேலை இருக்கு?"

மாமியார்கள் வழக்கமாகச் சொல்கிற வார்த்தை. கேட்ட மாத்திரத்தில் 'அப்படியெல்லாம் சொல்லாதீங்க அத்தை' என்று பதறுவதுதான் முறை. நம்மாள் பதறவில்லை.

"அதுவும் சரிதான் அத்தை. உங்க பெரிய பொண்ணு வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாச்சு இல்ல? மலைக்காத்து உடம்புக்கு நல்லது."

பெரிய பெண் இருப்பது மலைமேல் ஒரு தோட்டத்தில். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றால்தான் அங்கே போனில் சிக்னல் ஒரு கோடாவது தெரியும். அத்தைக்கு முட்டி வலி. தொட்டி ஏற முடியாது. நம்மாளுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்திருந்தது.

அத்தை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போறதுதான் உங்களுக்கு நல்லதுன்னா போறேன் மாப்பிள்ளை. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. என்மேல ஏதாச்சும் புகார் வந்துச்சா?"

"புகாரா? உங்கமேல யாரு அத்தை புகார் சொல்லப் போறாங்க?"

"இல்ல, சில சமயம் எனக்குக் கொஞ்சம் வாய் நீளும். அதான் கேட்டேன்."

இவ்வளவு பணிவாக அத்தை பேசி அவன் கேட்டதே இல்லை. கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. சங்கடத்தைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிவிட்டான்.

அவனே ஸ்டேஷனுக்குப் போய், ஜன்னல் ஓரம் இடம் பிடித்து, உட்கார வைத்தான். ஒரு தண்ணீர்ப் பாட்டில் வாங்கிவரப் போய்த் திரும்பியபோது அத்தை யாருடனோ போனில் பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரிய பெண்ணிடம் பேசியிருப்பார் என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"அம்மா அழுதுட்டே போனாங்க. நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமே சொல்லல. மலைக்காத்துதான்."

*

மறுநாள் மேனேஜர் அவன் மேஜையருகே வந்து நின்றபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது. 'யோவ்' என்று கூப்பிடவில்லை.

"கிளம்புப்பா. பெரிய டாக்டர் நம்ம ரெண்டு பேரையும் நேர்ல வரச் சொல்றார்."

"கையெழுத்துப் போடவா சார்?"

"குரலைக் கேட்டா அப்படித் தெரியல."

வழியெல்லாம் நம்மாள் காரணம் தேடிக்கொண்டே போனான். ஒரு மாதமாக யாருக்குமே செய்தி போகவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்களா? வேனில் போனவர்கள் ஏதாவது சொல்லியிருப்பார்களா? இல்லை, அந்தச் சாய்வு நாற்காலி ஆசாமி இன்னும் வாயை மூடவே இல்லையா?

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் பார்த்தால், அவ்வளவு பெரிய காத்திருப்புக் கூடத்தில் வரிசை வரிசையாகக் காலி நாற்காலிகள். உட்கார்ந்திருந்த ஒரே ஒரு ஆளும் மின்விசிறி ரிப்பேர் செய்ய வந்தவர். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

பெரிய டாக்டர் கூடத்தின் நடுவிலேயே நின்றுகொண்டிருந்தார். வெள்ளைத் தலை, வெள்ளைக் கோட்டு, சிவந்த கண்.

"பாருங்க" என்றார். "நல்லாக் கண்ணைத் தொறந்து பாருங்க."

மேனேஜர் பார்த்தார். நம்மாளும் பார்த்தான். பார்க்க அங்கே ஒன்றுமே இல்லை.

"எத்தனை வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்? பல் பிடுங்கிக்கறதுக்கு ஜனங்க ஓடி வந்து நான் பாத்ததே இல்ல. உங்க சாப்ட்வேர் போட்டதுல இருந்து ஓடி வந்தாங்கய்யா! நாள் குறிச்சவன் ஒருத்தன் தப்பல. ரெண்டு வருஷமா டிமிக்கி குடுத்துட்டிருந்த ஆளுங்க கூட, முன்னாடியே வந்து உக்காந்துட்டு, லேட்டாயிடலியே டாக்டர்னு பயந்து பயந்து கேட்டாங்க. மூணு நாள் முன்னாடி ரெண்டு வேன் புடிச்சுக் கும்பலா வந்து எறங்கினாங்க. நான் அப்படியே ஆடிப் போயிட்டேன்!"

நம்மாள் அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டான். ஓடி வந்தார்களா? யார்? எதைப் படித்துவிட்டு?

"அதுக்கப்புறம் என்ன எழவைப் பண்ணீங்களோ தெரியல. அன்னையில இருந்து ஈ ஓட்டிட்டிருக்கோம். மெசேஜ் வந்துச்சான்னு ஒரு ஆளுக்குப் போன் பண்ணிக் கேட்டா, வந்துச்சு, அழிச்சுட்டேங்கறான்!"

மேனேஜர் கைகளைப் பிசைந்தார். "டாக்டர், ஏதோ சின்னக் கோளாறு..."

"எனக்குக் காரணமெல்லாம் வேண்டாம். போன வாரம் எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பி வச்சுக் குடுங்க. ஒண்ணும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். இப்பவே, இங்கயே கையெழுத்துப் போடறேன். முடியாதுன்னா கதவு அந்தப் பக்கம்."

மேனேஜருக்கு உயிர் வந்தது. நம்மாளின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"இவ்ளோதானே டாக்டர்? இவன்தான் எழுதினவன். கண்ணை மூடிட்டுப் பண்ணிடுவான். சொல்லுப்பா, பழையபடி ஆக்கிடலாம் இல்ல?"

நம்மாள் வாயைத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான். அந்த ஆஸ்பத்திரியில் அன்று திறந்த ஒரே வாய் அதுதான்.

பழையபடி என்றால் என்ன? பழையபடி என்றால் ஒருவருக்கும் ஒன்றும் போகாது. அதை எப்படித் திருப்பி வைப்பது? வைத்துவிட்டு என்ன பெயர் சொல்லிக் கையெழுத்து வாங்குவது? எத்தனை பொய்யைத்தான் ஒரு மனிதன் தூக்கிச் சுமப்பான்? இனி வேலை போனாலும் போகட்டும் என்று கொட்டிவிட்டான்.

"சார், பழையபடி ஒண்ணுமே இல்ல சார். ஒரு மாசமா உங்க பேஷன்ட் ஒருத்தருக்குக்கூட மெசேஜ் போகல. டெஸ்ட்டுக்குப் போட்ட நம்பரைக் கோடுக்குள்ளயே விட்டுட்டேன். அத்தனையும் என் மாமியார் போனுக்குப் போச்சு. பேரு, நம்பர், எந்தப் பல்லு, எல்லாம் அவங்களுக்குத்தான் போச்சு. இப்பதான் சார் சரி பண்ணியிருக்கேன். இப்பதான் சரியா இருக்கு!"

மேனேஜர் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மின்விசிறிக்காரர் ஏணிமேலேயே நின்றுவிட்டார்.

"மாமியாருக்கா?" என்றார் பெரிய டாக்டர். "ஒருத்தருக்கும் போகலியா? அப்ப இத்தனை பேரும் எப்படிய்யா வந்தாங்க?"

"எனக்கும் அதுதான் சார் புரியல" என்றான் நம்மாள், நிஜமாகவே.

வரவேற்பு மேஜைப் பெண் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு மெதுவாக எழுந்து நின்றாள்.

"சார்... அப்போ தினமும் நம்ம பேஷன்ட் ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு, திட்டி, மிரட்டி, கெஞ்சி இங்க அனுப்பி வச்சிட்டிருந்தாங்களே ஒரு அம்மா, அவங்க நேத்து ஸ்டேஷன்ல இருந்து எனக்குப் பேசி, 'வேலை குடுத்த மாப்பிள்ளையே என்னை வேலையை விட்டு எடுத்துட்டாரும்மா'ன்னு ஒரே அழுகை... அந்த மாப்பிள்ளை நீங்கதானா?"